மகி வீட்டு வாசலில் நின்றவள்

நீங்க பாப்பாவை இந்தப் பக்கத்துலருந்து தூக்கி ஜன்னல் ஓரமா உக்கார வச்சீங்க பாருங்க, அதை நான் பாத்தேன். தப்பு இல்லம்மா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். பஸ்ல ஏறினதுலருந்து நீங்க என் மூஞ்சியையும் உங்க போனையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே வர்றீங்க. ஆமா, நான்தான். பச்சைச் சேலை, கையில ஒயர் கூடை. "வீட்டு வாசலுக்கே வந்த மர்மப் பெண்"ணு போட்டிருப்பாங்க. அது நான்தான்.

வேற சீட்டுக்குப் போகணும்னா போய்க்கங்க. ஆனா கண்டக்டர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பக்கத்து சீட்டுக்காரங்க காதுலயும் போடாதீங்க. கும்பிட்டுக் கேக்கிறேன். ஒருக்கா ஒருத்தர் அப்படித்தான் மெதுவா ஆரம்பிச்சார், அது எங்க போய் முடிஞ்சதுன்னு பின்னால சொல்றேன். மதுரை வர்ற வரைக்கும் கேளுங்க. கேட்டுட்டு நீங்க என்ன நினைச்சாலும் சரி.

என் பேரு கோமதி. அருப்புக்கோட்டைப் பக்கம். இருபத்தொம்பது வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. எத்தனை பிள்ளைங்களுக்குச் சோறு போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் போய் ஆறு வருசம் ஆச்சு. ஒரே மக, சங்கரி. கட்டிக் குடுத்து பூனாவுல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன்." அவ்வளவுதான். குறையா சொல்லலம்மா, அவளுக்கும் வேலை இருக்கும்ல.

இந்தப் போனை வாங்கிக் குடுத்ததும் அவதான். அதுலதான் மகி வீட்டைப் பாக்க ஆரம்பிச்சேன். நீங்களும் பாத்திருப்பீங்க. திண்டுக்கல்லுல ஒரு குடும்பம். அம்மா ஜெயசுதா, அப்பா அருள்மணி, ஆறு வயசுப் பிள்ளை மகிழினி. "மகி வீடு"ன்னு சேனலுக்குப் பேரு. தினம் சாயந்தரம் ஆறரைக்கு வீடியோ வந்துரும். காலையில எந்திரிக்கிறது, தோசை ஊத்துறது, பிள்ளைக்குத் தலை பின்னுறது, கடைக்குப் போறது, புருசன் பொஞ்சாதி சண்டை போடுறது, சேந்துக்கிறது, எல்லாம். மறைக்கவே மாட்டாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. எங்க தெருவுல ஒரு வீட்டுல கதவைத் தட்டி "என்ன குழம்பு"ன்னு கேக்க முடியுதா? இங்க கேக்கவே வேணாம், சட்டியைத் திறந்து காட்டிருவா.

ரெண்டு வருசம், ஒரு நாள் விடாமப் பாத்தேன். பாத்து முடிச்சு ஒரு கமெண்டு போடுவேன். "இன்னிக்கு மகிக்கு எண்ணெய் அதிகமாயிருச்சு ஜெயசுதா"ன்னு. "பிள்ளை இளைச்சிருக்கு, முட்டை குடு"ன்னு. ஜெயசுதா இதயம் போடுவா. அந்தச் சின்னச் சிவப்பு இதயம். அது வந்தாத்தான் எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கும்.

போன மாசி மாசந்தான் அந்த ஆளைக் கவனிச்சேன். பேரு ராஜா 78. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஒரு ரோசாப்பூ. முதல்ல எல்லாரையும் மாதிரிதான் எழுதுனான். "பாப்பாவுக்கு மஞ்சக் கவுன் எடுப்பா இருக்கு." சரின்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள், "வியாழக்கிழமை பாப்பா ஸ்கூலுக்குப் போகலையே, உடம்பு சரியில்லையா?" எனக்குச் சுருக்குன்னுச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஜெயசுதா சொன்னது சனிக்கிழமை வீடியோவுல. இவன் எழுதினது வெள்ளிக்கிழமை. இவனுக்கு யாரு சொன்னா?

அப்புறம் இன்னொண்ணு எழுதுனான். அதை நான் மறக்கவே மாட்டேன். "வேன் மூணு நாப்பதுக்கு வந்துருது. அம்மா மாடியிலருந்து இறங்கி வர ரெண்டு நிமிசம் ஆகுது. பாப்பா பாவம், கேட்டு கிட்ட தனியா நிக்குது."

மூணு தடவை வாசிச்சேன். ஏன்னா வேன் வர்ற நேரத்தை அவங்க எந்த வீடியோவுலயும் சொன்னதில்ல. எனக்குத் தெரியும்மா, எல்லா வீடியோவும் பாத்தவ நான். மூணு நாப்பதுன்னு சொன்னதே இல்ல. ரெண்டு நிமிசம்னு சொன்னதே இல்ல. அப்ப இவன் போன்ல பாத்து எழுதல. நின்னு பாத்திருக்கான்.

அதுக்குக் கீழயும் ஜெயசுதா இதயம் போட்டிருந்தா.

நான் உடனே எழுதினேன். "ஜெயசுதா, இந்த ஆள் யாருன்னு பாரும்மா, எனக்குப் பயமா இருக்கு." அவ பதில் போட்டா. "நன்றி அம்மா, தொடர்ந்து உங்க ஆதரவு வேணும்." வாசிக்கவே இல்ல போல. ஆயிரம் பேரு எழுதுறாங்க, அவளும் எத்தனையைத்தான் வாசிப்பா. சங்கரிகிட்ட சொன்னேன். "அம்மா, அது அவங்க பொழப்பு. உனக்கெதுக்கு? போனை வச்சிட்டு கோயிலுக்குப் போ"ன்னா.

நாலு நாள் தூக்கம் இல்ல. கண்ணை மூடினா அந்தக் கேட்டு, அந்தப் பிள்ளை, அந்த ரெண்டு நிமிசம். அஞ்சாம் நாள் கிளம்பிட்டேன்.

வீடு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? அதைத்தான் எல்லாரும் கேட்டாங்க. போலீசும் கேட்டுச்சு. அதுல என்னம்மா கஷ்டம். மொட்டை மாடியில துணி காயப்போடும்போது மலைக்கோட்டை எந்தப் பக்கம் தெரியுதுன்னு பாத்தா ஊர்ல எந்தத் திசைன்னு தெரிஞ்சுரும். தெருமுனைத் தண்ணித் தொட்டியில வார்டு நம்பர் எழுதியிருக்கு. அருள்மணி பைக் நிறுத்துற இடத்துக்கு எதுத்தாப்புல ஒரு டெய்லர் கடை போர்டு. பொங்கல் வீடியோவுல அது முழுசாத் தெரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோக்காரர்கிட்ட டெய்லர் பேரைச் சொன்னேன், கொண்டு போய் விட்டுட்டார். அரை மணி நேரங்கூட ஆகல. எனக்கே இவ்வளவு சுளுவா இருந்தா அவனுக்கு எவ்வளவு சுளுவா இருந்திருக்கும்?

உங்க பாப்பா கழுத்துல அடையாள அட்டை தொங்குதும்மா. பேரு, வகுப்பு, உங்க நம்பர் எல்லாம் இங்கருந்தே வாசிக்கலாம். சட்டைக்குள்ள போட்டு விடுங்க. சும்மா சொல்றேன்.

போனப்ப மணி மூணரை இருக்கும். மேல ஏறிப் போய் மணி அடிச்சிருக்கலாம். அடிக்கல. ஏன் அடிக்கலன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்குறாங்க. எனக்கு முதல்ல அந்த ரெண்டு நிமிசத்தைப் பாக்கணும்னு இருந்துச்சு. அவன் எங்கயாவது நிக்கிறானான்னு பாக்கணும்னு. அதோட, பிள்ளையையும் பாக்கணும்ல. ரெண்டு வருசமா கைக்குள்ள வச்சுப் பாத்த பிள்ளை.

வேன் வந்துச்சு. சரியா மூணு நாப்பது. பிள்ளை இறங்குச்சு. வேன் போயிருச்சு. சத்தியமாச் சொல்றேன், அந்தத் தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. பிள்ளை பையை ஒரு தோள்ல மாட்டிக்கிட்டு கேட்டுக் கம்பியைப் பிடிச்சு ஆடிக்கிட்டு நிக்குது. "மகிக்குட்டி"ன்னு கூப்பிட்டேன். அவங்க அப்பா கூப்பிடுற மாதிரியே. ஓடி வந்துருச்சும்மா. யாரு என்னன்னு கேக்கல. உலகத்துல எல்லாருக்கும் தன்னைத் தெரியும்னு நினைச்சு வளந்த பிள்ளை அது. "நீங்க எங்க சப்ஸ்கிரைபரா"ன்னு கேட்டுச்சு. "உன் மஞ்சக் கரடிக்குக் காது தச்சாச்சா"ன்னு கேட்டேன். "அம்மா தச்சிட்டாங்க, வாங்க காட்றேன்"னு சொல்லுச்சு. நான் கையைப் பிடிச்சேன்.

அப்பத்தான் ஜெயசுதா கீழ வந்தா.

"யாரு நீங்க? கையை விடுங்க. மகி, இங்க வா."

"நான்தாம்மா கோமதி."

"எந்தக் கோமதி?"

அது எனக்கு வலிச்சுச்சு. ரெண்டு வருசம் தினமும் பேசியிருக்கேன். எந்தக் கோமதின்னு கேக்குறா. சரி, நம்பட்டும்னு நான் சொல்ல ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னா என்னைப் புரிஞ்சுக்குவான்னு நினைச்சேன். "மாடிச் சாவியைச் செருப்பு ஸ்டாண்டுக்குள்ள வைக்கிறியே, அதை முதல்ல மாத்தும்மா. அருள்மணி செவ்வாய்க்கிழமை வெளியூர் போயிருவார், நீ தனியா இருப்ப, அன்னிக்குப் பின்கதவை நல்லாப் பூட்டு. உனக்கு அடிக்கடி மயக்கம் வருதே, டாக்டர் எழுதின மாத்திரையைப் பாதியில விட்டுட்ட. போன ஆடியில உனக்கு வயித்துல தங்காமப் போச்சே, அன்னிக்கு நான் பச்சத்தண்ணி குடிக்கலம்மா."

சொல்லச் சொல்ல அவ மூஞ்சி வெளுத்துக்கிட்டே வந்துச்சு. அந்தப் பிள்ளை தங்காமப் போனதைக் கேமராவைப் பாத்து அழுதுக்கிட்டே எல்லாருக்கும் சொன்னவ அவ. லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. நான் நேர்ல நின்னு சொன்னதும் அப்படியே படியில உக்காந்துட்டா. பிள்ளையை மடியில இறுக்கிக்கிட்டா. அவ கண்ணுல இருந்த பயத்தைப் பாத்து, அவன் என் பின்னாடி வந்து நிக்கிறான் போலன்னு நான் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்ல.

அப்புறந்தான் அவ கத்தினா. டெய்லர் ஓடி வந்தார். பக்கத்து வீட்டு ஆளுங்க வந்தாங்க. ஜெயசுதா ஒரு கையில பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால போனைத் தூக்கிட்டா. அந்தப் பிள்ளைக்கு அது பழக்கம் போல, அழுதுக்கிட்டே போனைப் பாத்துக் கையாட்டுச்சு. வந்தவங்களுக்குப் புரியட்டும்னு நான் ஜெயசுதாகிட்ட சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன், போன் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எஸ்.ஐ. ஒரு பொம்பளை, பொற்கொடின்னு பேரு. மரியாதையாத்தான் பேசினாங்க. ஆதாரைப் பாத்தாங்க, பென்சன் புக்கைப் பாத்தாங்க. நான் ராஜா 78 பத்திச் சொன்னேன். "காட்டுங்க"ன்னாங்க. போனைத் திறந்து தேடினேன். அந்தக் கமெண்டு இல்ல. வியாழக்கிழமை பத்திக் கேட்டதும் இல்ல. மஞ்சக் கவுனும் இல்ல. அழிச்சிட்டான். நான் போனை மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருக்கேன், எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. "இருந்துச்சு மேடம், இங்கதான் இருந்துச்சு." எழுதி வாங்கிக்கிட்டு சாயந்தரப் பஸ்ல ஏத்தி விட்டாங்க. "இனிமே அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, அந்தச் சேனலையும் பாக்காதீங்கம்மா"ன்னாங்க.

போகல. பாக்காம எப்படி இருக்கிறது? நான் பாக்கலன்னா அவன் எழுதுறதை யாரு பாப்பா? அதனால ஒரு நோட்டு வாங்கினேன். அவன் என்ன எழுதினாலும் அழிக்கிறதுக்கு முன்னாடி தேதி போட்டு எழுதி வச்சுக்கிட்டேன்.

மூணாம் நாள் அந்த வீடியோ வந்துச்சு. என் மூஞ்சியை மறைக்கவே இல்ல. நான் பேசினதுல பாதியை வெட்டிட்டாங்க. "சாவி செருப்பு ஸ்டாண்டுக்குள்ள இருக்கு"ங்கிறது இருக்கு, "அதை மாத்தும்மா"ங்கிறது இல்ல. "செவ்வாய்க்கிழமை தனியா இருப்ப" இருக்கு, "கதவைப் பூட்டு" இல்ல. கேட்டா எனக்கே என்னைப் பாத்துப் பயமா இருந்துச்சு. பத்தொம்பது லட்சம் பேரு பாத்திருக்காங்க. கீழ என்னென்னவோ எழுதியிருந்தாங்க. பிள்ளை பிடிக்கிறவ, கிறுக்கி, கூட்டமா வந்திருப்பாங்க, அடிச்சு விடணும். அதுக்கு நடுவுல அந்த ரோசாப்பூ. "நல்லவேளை பிடிச்சீங்க. இந்த மாதிரி ஆளுங்களை நம்பக் கூடாது. பாப்பாவைப் பத்திரமாப் பாத்துக்கங்க." அதுக்கு ஜெயசுதா இதயம் போட்டிருந்தா.

அதுக்கப்புறம் என் வீடு என் வீடா இல்லம்மா. யாரோ ஒருத்தன் எங்க தெருப் பேரை எழுதிட்டான். ரெண்டு பையன்க பைக்ல வந்து எதுத்தாப்புல நின்னு என் வீட்டைப் படம் எடுத்தாங்க. நான் கோலம் போட்டுக்கிட்டிருந்தேன், அப்படியே மாவுக் கிண்ணத்தை விட்டுட்டு உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டேன். மறுநாள் அதுவும் வந்துருச்சு. "மர்மப் பெண் கோலம் போடுகிறாள்." என் வாசல், என் கதவு, என் கொடியில காயுற துணி. ஊரு பூரா என் உள்பாவாடையைப் பாத்திருச்சு. ஜன்னலை அடைச்சேன். அடைச்சா உள்ள என்ன பண்றான்னு பாக்க வந்தாங்க. என் சத்துணவுக் கூடத்துல சாப்பிட்டு வளந்தவ, இப்ப அவளுக்கே ரெண்டு பிள்ளைங்க, பால் பூத்துல என்னைப் பாத்ததும் பிள்ளையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா. இந்தக் கையால அவளுக்கு முட்டை உரிச்சுக் குடுத்திருக்கேன்.

சங்கரி போன் பண்ணினா. மருமகன் ஆபீஸ்ல பாத்துட்டாங்களாம். "அம்மா, உன் போன்ல என் போட்டோ வச்சிருக்கியே, அதை எடுத்துரு. கொஞ்ச நாளைக்கு இங்க வர வேணாம்." திட்டலம்மா. மெதுவாத்தான் சொன்னா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

இப்ப அந்த பஸ் ஸ்டாண்டு கதையைச் சொல்றேன். ஊர்ப் பேரு வேணாம். கண்ணுல புரை விழுந்திருக்கு, டாக்டரைப் பாக்கக் கிளம்பினேன். பகல் பதினோரு மணி. பஸ்ஸுக்கு நிக்கிறேன். மூணு வயசுப் பையன் ஒருத்தன் அம்மாவைக் காணாம அழுதுக்கிட்டு நடுவுல நிக்கிறான், அந்தப் பக்கம் பஸ் திரும்புது. இருபத்தொம்பது வருசப் பழக்கம், கை தானாப் போயிருச்சு. இழுத்து ஓரமா நிறுத்தி "அம்மா எங்கடா"ன்னு கேட்டேன்.

ஒருத்தர் மெதுவாத்தான் சொன்னார். "இந்தம்மாவை எங்கயோ பாத்திருக்கேனே." பக்கத்துல இருந்தவர் போனை எடுத்துத் தேடினார். "அட, அவதாங்க."

அவ்வளவுதான். எங்கருந்து வந்தாங்கன்னே தெரியல. சுத்தி ஆளுங்க. ஒயர் கூடையைப் பிடுங்கிக் கொட்டினாங்க. டாக்டர் சீட்டு, தண்ணிப் பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. "பிஸ்கட் வச்சிருக்கா பாரு"ன்னு ஒரு பொம்பளை சொன்னா. எனக்குச் சக்கரை இருக்கு, மயக்கம் வந்தாத் திங்கிறதுக்குன்னு சொல்ல வாயைத் திறந்தேன், கன்னத்துல ஒரு அறை விழுந்துச்சு. யாரு அடிச்சான்னு பாக்க நிமிர்ந்தேன். ஒரு மூஞ்சி கூடத் தெரியலம்மா. எல்லா மூஞ்சிக்கு முன்னாலயும் ஒரு போன். பின்னாலருந்து கொண்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. "பேரைச் சொல்லு, கேமராவைப் பாத்துச் சொல்லு." பேரு வரலம்மா. என் பேரே எனக்கு வரல. சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு, நின்ன இடத்துலயே சேலையை நனைச்சுட்டேன். அதையும் எடுத்தாங்க.

பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்தான் காப்பாத்தினார். வயசானவர். உள்ள நுழைஞ்சு என் கையைப் பிடிச்சு அவர் கூண்டுக்குள்ள தள்ளிக் கதவைப் பூட்டிட்டு வெளிய நின்னுக்கிட்டார். கண்ணாடிக்கு வெளிய போன்களா தெரியுது. நான் மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல அந்தப் பையனோட அம்மா வந்துட்டா. டிக்கெட் விசாரிக்கப் போனேன், அதுக்குள்ள நகந்துட்டான், இந்தம்மாதான் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு அவளே சொன்னா. கூட்டம் கலைஞ்சுச்சு. அவங்கவங்க பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டாங்க. டைம் கீப்பர் ஒரு துண்டு குடுத்தார் இடுப்புல சுத்திக்கிறதுக்கு. கண் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே திரும்பிட்டேன். இன்னும் போகல.

வீட்டை விட்டு வெளிய வராம இருபது நாள். ஆறரைக்கு மகி வீடு மட்டும் பாப்பேன். நோட்டுல எழுதுவேன். நான் அவங்களைப் பாக்குறது வேறம்மா, அவன் பாக்குறது வேற. நான் பாத்தது அக்கறையில.

போன புதன்கிழமை தெரியாத நம்பர்லருந்து போன். எடுக்கப் பயம். நாலு தடவை அடிச்சப்புறம் எடுத்தேன்.

"அம்மா, நான் ஜெயசுதா பேசுறேன்."

எத்தனையோ மணி நேரம் கேட்ட குரல். எனக்கு ஒரே ஒருத்திக்குன்னு அது பேசினது அன்னிக்குத்தான் முதல் தடவை. ஆனா வீடியோவுல கேக்குற குரல் மாதிரி இல்ல.

"ஸ்டேஷன்ல உங்க நம்பரை வாங்கினேன். அன்னிக்கு ஒரு ஆளைப் பத்திச் சொன்னீங்களே. என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்கம்மா."

"என்ன ஆச்சு ஜெயசுதா?"

"ஒரு பார்சல் வந்துச்சு. அனுப்பினவங்க பேரு இல்ல. பிள்ளைக்கு ஷூ. அதுக்குள்ள ஒரு சீட்டு. 'வேன்லருந்து இறங்கும்போது பாப்பாவுக்குப் பழைய ஷூ தடுக்குது, இது சரியா இருக்கும்'னு எழுதியிருக்கு. போட்டுப் பாத்தேன். அளவு சரியா இருக்கும்மா. அளவு எப்படிம்மா சரியா இருக்கும்?"

வேன், மூணு நாப்பது, ரெண்டு நிமிசம்னு அவன் எழுதினதை ஒண்ணொண்ணாத் திருப்பிச் சொன்னேன்.

இன்னிக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. இப்ப அங்கருந்துதான் வர்றேன். விசாரிச்சுட்டாங்க. ஜெயசுதா வீட்டுக்கு எதுத்த மாடியில ஒரு ரூம். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஆள் வாடகைக்கு வந்திருக்கான். அமைதியான ஆளு, எந்நேரமும் போன்தான்னு வீட்டு ஓனர் சொல்லியிருக்கார். அந்த ஜன்னல்ல நின்னா இந்தக் கேட்டு நேராத் தெரியும். நான் போய் நின்ன அன்னிக்கும் அவன் அங்கதான் இருந்திருக்கான். மேலருந்து பாத்திருக்கான். நான் பிள்ளை கையைப் பிடிச்சதை, ஜெயசுதா கத்தினதை, எல்லாம். பார்சல் வர்றதுக்கு முந்தின நாள் ரூமைக் காலி பண்ணிட்டான். குடுத்த ஆதார் வேற யாரோடதோ. தேடுறாங்க. எங்க இருக்கான்னு தெரியல. அவன் இந்த பஸ்ல இருந்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாதும்மா. அவனுக்கு என்னைத் தெரியும்.

பொற்கொடி மேடம் என் நோட்டை வாங்கிப் புரட்டினாங்க. இருந்திருந்து ஒரு சாட்சி கிடைச்சிருக்குன்னு நானும் நிமிர்ந்து உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பக்கமா வாசிச்சாங்க. முதல் பக்கத்துல அவங்களுக்கு இருந்த மூஞ்சி நாலாவது பக்கத்துல இல்ல. நோட்டை என் பக்கமாத் திருப்பி வச்சாங்க.

"இதுல எதெல்லாம் அவன் எழுதினது, எதெல்லாம் நீங்களா எழுதினதும்மா?"

நான் பாத்தேன். "திங்கள், ரெட்டைச் சடை, நீல ரிப்பன்." அது நான் எழுதினது. "இருமல் இருக்கு, ரெண்டு தடவை இருமுச்சு." அது... நான்தான்னு நினைக்கிறேன். "வலது முட்டியில சிராய்ப்பு." அவனா நானான்னு தெரியல. எல்லாம் என் கையெழுத்துதான். விரலை வச்சுக்கிட்டே இருக்கேன். மேடம் தண்ணி குடிங்கன்னு தள்ளி வச்சாங்க.

ஜெயசுதாவும் அருள்மணியும் அங்கதான் இருந்தாங்க. ஜெயசுதா என் கையைப் பிடிச்சு அழுதா. "மன்னிச்சிருங்கம்மா, உங்களை அப்படிப் போட்டது பாவம். எல்லாத்தையும் எடுத்துட்டோம். சேனலையே மூடியாச்சு. வீடு மாத்துறோம்." சேனலை மூடியாச்சுன்னதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அப்ப ஆறரைக்கு? நான் கேட்டேன். "சரிதாம்மா, ஊருக்குக் காட்ட வேணாம். எனக்கு மட்டும் வாட்ஸப்புல தினம் ஒரே ஒரு போட்டோ அனுப்பிரு. பிள்ளை நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும்." ஜெயசுதா என் கையை விட்டுட்டா. அருள்மணிதான், "புது வீட்டு அட்ரஸ் யாருக்கும் சொல்றதா இல்லம்மா"ன்னார். யாருக்கும்னா, எனக்குமான்னு கேக்க வாய் வரல.

பிள்ளை ஓரமா பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. நான் மெதுவாத் திரும்பி அதைப் பாத்தேன். பாத்த உடனே ரெண்டு கையாலயும் மூஞ்சியை மூடிக்கிச்சு. ஒரு போலீஸ்காரர் அந்தப் பக்கமாப் போனார், அவர் பாத்ததும் இன்னும் இறுக்கி மூடிக்கிச்சு. இப்ப யாரு பாத்தாலும் இப்படித்தான் பண்றான்னு ஜெயசுதா சொன்னா. நாங்க சொல்லிக் குடுக்கல, அவளாத்தான்னா. விரல் சந்துல ஒரு கண்ணு மட்டும் தெரிஞ்சுச்சு. நான் பாத்துக்கிட்டு இருக்கேனான்னு பாக்குது. மகிக்குட்டி, நான்தான்னு சொல்லலாம்னு நினைச்சேன். அன்னிக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கூப்பிடல. நாற்காலியைத் திருப்பிப் போட்டு செவுத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டேன். செவுத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் நீலப் பெயிண்டு. ரொம்ப நேரம் கழிச்சு, பின்னால பெஞ்சுல பிள்ளை காலை ஆட்டுற சத்தம் கேட்டுச்சு. கையை எடுத்திருக்கும் போல. நான் திரும்பிப் பாக்கல.